தூக்கணங்குரீஇ: பாட்டிலும் பனையிலும்



வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். இன்று அப்பெயரைக் கேட்ட அளவில் நினைவுக்கு வருவன ஊர்தித் தொழிற்சாலைகளே. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் தைம்லர் வணிக ஊர்தி ஆலையும், 2013-இல் ராயல் என்பீல்டு ஆலையும் ஒரகடப் பகுதியில் இயங்கத் தலைப்பட்டன. அதற்கு முன்னர் இவ்வட்டாரம் ஏரியும் வயலும் பனையுமாக இருந்த நாடு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று அழைத்த வழக்கும் இதனாலேயே ஏற்பட்டது. ஏரிக்கரையில் பனை, கரைக்குக் கீழே நெல், பனையோலையின் நுனியில் காற்றிலாடும் கூடுகள். இம்மூன்றையும் ஒருசேரக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வவையிலேயே பலர் இருத்தல் கூடும். அக்கூட்டைக் கட்டும் சிறு பறவையைப் பற்றியதே இவ்வுரை.

சங்கப் புலவர் அதனைத் தூக்கணங்குரீஇ என்றனர். குருவி என்னும் சொல் அளபெடுத்து நின்ற பழைய வடிவமே குரீஇ. மக்கள் வழக்கில் அது தூக்கணாங்குருவி. தூங்குதல் என்பதற்குத் தொங்குதல் என்ற பொருள் உண்டாதலின், தொங்கும் கூட்டையுடைய குருவி என்பது பெயரிலேயே விளங்கும். பறவையின் நிறத்தையோ குரலையோ விடுத்து, அது செய்யும் பொருளைக் கொண்டே பெயரிட்டனர் தமிழர். அறிவியலாரும் இவ்வழியே சென்றனர். இதன் அறிவியற் பெயரான பிளோசியஸ் பிலிப்பினஸ் என்பதன் முற்பகுதி, நெய்பவர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. பிற்பகுதியோ வேடிக்கையானது. 1766-இல் லின்னேயசு இப்பெயரை வழங்கியபோது இது பிலிப்பைன் தீவுகளின் பறவை என்று பிழையாகக் கருதப்பட்டது. பாகிஸ்தான் முதல் இந்தியா, இலங்கை, மியன்மா வழியாகச் சாவகம் வரை வாழும் இப்பறவைக்குப் பிலிப்பைன் தாயகமன்று. அறிவியற் பெயரீட்டு முறையில் முதற்பெயரை எளிதில் மாற்றுவதற்கில்லை ஆதலின், அப்பிழை இரண்டரை நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

சங்க நூல்களில் இக்குருவி வரும் இரண்டு இடங்கள் சிறப்பாக எண்ணத்தக்கன. ஒன்று, உறையூர்ப் பல்காயனார் பாடிய குறுந்தொகை 374-ஆம் பாட்டு. தலைவியின் களவொழுக்கத்தைத் தோழி பெற்றோர்க்கு வெளிப்படுத்தி அறத்தொடு நிற்கிறாள். மலைநாட்டுத் தலைவன் தானே வந்து பெண் கேட்கிறான். அதுகாறும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசிக் குழம்பிக் கிடந்த ஊர், நல்லதைச் செய்வோம் என்று ஒருமனப்படுகிறது. அந்த ஊரின் பழைய மயக்கத்திற்குப் புலவர் காட்டும் அளவுகோல், நெடிய கரும்பனையில் தூக்கணங்குருவி தொடுத்த கூடு. அக்கூட்டைக் காட்டிலும் மயங்கியிருந்ததாம் ஊர்.

உ.வே. சாமிநாதையர் பதிப்பு 1937-இல் வெளிவந்த நாள்தொட்டு இப்பாட்டைப் படித்தவர் பலராயினும், உவமையின் முழு நுட்பமும் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கே புலனாகும். வெளித்தோற்றத்தில் அது தாறுமாறான பின்னல். எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லவியலாது. ஆயின் ஓரிழையைப் பற்றி இழுத்தால் கூடு முழுவதும் உடன்வரும். இழை மட்டும் தனியே வாராது. ஒவ்வோர் இழையும் பிற இழைகளுக்குள் நுழைந்து, வளைந்து, முடிச்சிட்டுக் கிடப்பதே காரணம். மயங்கியதும் அதுவே, ஒன்றானதும் அதுவே. மயங்கிய ஊர் ஒன்றாயிற்று என்று சொல்ல வந்த புலவர்க்கு இதனினும் பொருத்தமான பொருள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மற்றொன்று புறநானூறு 225. சோழன் நலங்கிள்ளி இறந்தபின் ஆலத்தூர் கிழார் பாடிய கையறுநிலைப் பாட்டு அது. நலங்கிள்ளி வாழ்ந்த நாளில், அவன் செவியில் விழுமோ என்று அஞ்சிப் பிற மன்னர்கள் தங்கள் வலம்புரிச் சங்கை ஊதாமல் ஒருபுறம் தொங்கவிட்டிருந்தனர். இன்று அவன் இல்லை. அரண்மனை வாயில்தோறும் காலையில் சங்கு முழங்குகிறது. அதைக் கேட்டுப் புலவர் வருந்துகிறார். தொங்கிய சங்கிற்கு அவர் சொன்ன உவமை தூக்கணங்குருவியின் கூடு. மேலே குறுகி, நடுவிற் பருத்து, ஒருபுறம் நீண்ட குழாயாகக் கீழிறங்கும் அதன் வடிவத்தையும், முறுகிய வாயையுடைய வலம்புரியையும் அடுத்தடுத்து நினைத்தால் உவமை எவ்வளவு கூர்மையானது என்பது தெரியும். அதே பாட்டில் சோழன் படையின் நீளத்தைச் சொல்லவும் பனையே பயன்படுகிறது. முன்னே செல்வோர் நுங்கு தின்பர். இடையில் வருவோர் பழம் தின்பர். கடைசியில் வருவோர்க்குச் சுட்ட பனங்கிழங்கே கிடைக்கும். படை முழுதும் கடந்து செல்வதற்குள் நுங்கு கனிந்து, வித்து விழுந்து, கிழங்கும் விளைந்துவிடுகிறது! பனையைச் சொன்ன வாய், அடுத்துப் பனையில் தொங்கும் கூட்டைச் சொன்னது இயல்பேயன்றோ?

இனிப் பறவையைப் பார்ப்போம். அளவில் ஏறத்தாழ 15 செ.மீ.; சிட்டுக்குருவியை ஒத்தது. இனப்பெருக்கக் காலம் அல்லாத நாள்களில் சேவலும் பேடையும் பழுப்பு நிறமாய், பெண் சிட்டுக்குருவி என்றே மயங்கத்தக்க தோற்றத்தில் இருக்கும். மழைக்காலம் நெருங்குங்கால் சேவலின் உச்சந்தலையும் மார்பும் பொன்மஞ்சள் நிறம் பெறும், முகத்தில் கரும்பழுப்பு முகமூடி படரும், அலகும் கறுக்கும். அப்போதுதான் கூடுகட்டும் வேலை தொடங்கும். நெல்லும் நீண்ட புல்லும் வளர்ந்து நிற்றல் வேண்டும் என்பது அதற்குரிய முதல் தேவை.

நெசவு முழுவதும் சேவலின் தொழில். நெற்றாள், நாணல், பனையோலை, தென்னையோலை இவற்றின் ஓரத்தை அலகாற் கடித்துச் சிறு வெட்டு ஏற்படுத்தும். வெட்டின் முனையைக் கவ்விக்கொண்டு மேலே பறக்கும். பறக்கும் வேகத்திலேயே ஓலை நாராகக் கிழிந்து வரும். இவ்வாறு 20 முதல் 60 செ.மீ. வரை நீளமுள்ள நார்களைக் கொணர்ந்து, ஓலை நுனியில் முதலில் முடிச்சிட்டுக் கட்டும். பின்னர் ஒரு வளையம் அமைக்கும். அவ்வளையத்தில் தான் நின்றுகொண்டு, அலகு எட்டும் தொலைவே அளவாக, ஒருபுறம் முட்டையறையையும் மறுபுறம் வாயிலையும் பின்னும். ஒரு கூட்டிற்கு நார் கொணர ஏறத்தாழ 500 முறை பறக்கும் என்பர். நார் பச்சையாக இருக்கும்போதே பின்னப்படுவதால், உலர்ந்தபின் முடிச்சுகள் இறுகிக்கொள்ளும். பாய் முடைவோரும் கூடை பின்னுவோரும் இதை நன்கறிவர்.

கூடு பாதி நிறைவுற்ற நிலையில், தலைகீழாகத் தொங்கும் தலைக்கவசம் போலவும், அதன் குறுக்கே ஒரு வார் போலவும் காணப்படும். இந்நிலையை எட்ட ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். இங்கே சேவல் வேலையை நிறுத்திவிடுகிறது. பேடைகள் கூட்டமாக வருகின்றன. குடியிருப்பு முழுவதும் உள்ள சேவல்கள் தத்தம் அரைக்கூட்டில் தொங்கியவாறு சிறகடித்து ஆரவாரிக்கின்றன. பேடை உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடித்தால் தங்கும். பிடிக்காவிடின் அடுத்த கூட்டிற்குச் செல்லும். பேடை ஒப்பிய பின்னரே சேவல் முட்டையறையை மூடி, நீண்ட நுழைகுழாயைக் கீழ்நோக்கிப் பின்னி முடிக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ 18 நாள். ஒருவரும் ஏற்காத கூடு பாதியிலேயே நின்றுவிடும். இத்தகைய அரைக்கூடுகளைக் கண்டு, பேடை அடைகாக்குங்கால் சேவல் அமர்ந்து ஊஞ்சலாடக் கட்டிக்கொண்டவை என்று முன்னாளில் பலர் எண்ணினர். உண்மையில் அவை மறுக்கப்பட்ட மணவீடுகள்.

இவ்வுண்மையைத் தெளிவாக நிறுவியவர் சாலிம் அலி. 1896-இல் பிறந்த அவர், செருமனியில் எர்வின் ஸ்டிரெசுமன் என்னும் பறவையியலாரிடம் பயின்று 1930-இல் நாடு திரும்பினார். பம்பாய் அருங்காட்சியகத்தில் முன்னர் அவர் வகித்த பதவி, பொருள் நெருக்கடியால் இல்லாமற் போயிருந்தது. வேறு வேலையும் கிடைக்கவில்லை. எனவே பம்பாய்க்கு எதிர்க்கரையில் அலிபாகை அடுத்த கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடும்பத்தாரின் வீட்டில் தங்கினார். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. ஏணியின் மேல் மறைவிடம் அமைத்து, அம்மழைக்கால மாதங்களில் நாள்தோறும் பல மணிநேரம் அமர்ந்து, ஒவ்வொரு கூட்டிலும் நிகழ்வதைக் குறித்து வந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த அக்கட்டுரையே அவரைப் பறவையியல் உலகிற்கு அறிமுகப்படுத்தியது. வேலை கிடைத்திருந்தால் அக்கட்டுரை பிறந்திராது என்பதை எண்ணிப் பார்த்தல் சுவையானது.

அவர் கண்டது இது: ஒரு கூட்டைப் பேடை ஏற்று முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், சேவல் அதனை விட்டு அடுத்த கூட்டைத் தொடங்குகிறது, அதற்கு மற்றொரு பேடை வருகிறது. பருவம் முடிவதற்குள் திறமையுள்ள ஒரு சேவலுக்கு இரண்டு, மூன்று குடும்பங்கள் அமைதலும் உண்டு. வெண்மையான இரண்டு முதல் நான்கு முட்டைகளை 14 முதல் 17 நாள் வரை அடைகாப்பது பேடையின் பொறுப்பே. குஞ்சுகளுக்கு இரை தேடும் சுமையும் பெரும்பாலும் அதற்கே. ஆணின் கடமை ஏறக்குறைய கூட்டோடு முடிகிறது.

பிற்காலத்தில் இந்திய ஆய்வாளர் சுகேல் குவாடர் மேற்கொண்ட ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. பேடை எதைப் பார்த்துத் தேர்கிறது? கூட்டின் வேலைப்பாட்டையே என்பது பொதுவான எண்ணம். ஆனால் கூடு அமைந்த இடமே வேலைப்பாட்டினும் மிகுதியாக எடையிடப்படுகிறது என்று அவ்வாய்வு காட்டியது. எந்த மரம், எவ்வளவு உயரம் என்பனவற்றில் குஞ்சுகளின் உயிர் அடங்கியிருத்தலின் இது வியப்பன்று. காகமும் பாம்பும் எட்டாத நெடும்பனையின் ஓலை நுனி, எவ்வளவு சிறந்த முடிச்சினும் பெரிய காப்பு.

இங்கே இலக்கியம் பயில்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குறுந்தொகை 85-இல் ஊர்க்குருவிச் சேவல், சூல்முதிர்ந்த தன் பேடை ஈனும் இல்லம் அமைக்கக் கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கிறது. இல்லறப் பரிவிற்குப் புலவர் சிட்டுக்குருவியைக் கொண்டார். தூக்கணங்குருவி, அதனினும் பன்மடங்கு சிறந்த வீடு கட்டுவது. எனினும் மேற்சொன்ன இரு பாட்டிலும் அதன் கூடு மட்டுமே உவமையாயிற்று. அதன் குடும்பம் ஆகவில்லை. சிட்டுக்குருவி இணையாக வாழ்ந்து குஞ்சு வளர்ப்பது, தூக்கணம் அவ்வாறன்று. இரண்டு மூன்று பாட்டுகளைக் கொண்டு பெரிய முடிபு கட்டுதல் முறையாகாது. ஆயினும் புலவர் கண்ட காட்சியில் பிழையில்லை என்ற அளவில் மகிழலாம்.

பிற்கால நீதி நூல்கள் இந்த அளவிற்குப் பறவையைப் பார்த்தனவாகத் தோன்றவில்லை. மழையில் நனைந்த குரங்கிற்குத் தூக்கணாங்குருவி அறிவுரை சொல்ல, சினந்த குரங்கு கூட்டைப் பிய்த்தெறிந்த கதையை விவேக சிந்தாமணி பாடுகிறது; பஞ்சதந்திரத்திலும் அக்கதை உண்டு. அங்கே குருவி வெறும் உபதேசியாகிவிடுகிறது. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் இதனினும் மேலானது. குருவிக்கூடு, அரக்கு, கறையான் புற்று, தேன்கூடு, சிலந்தி வலை என்று அடுக்கி, இவற்றை எல்லோராலும் செய்ய இயலாது, ஒவ்வொருவர்க்கு ஒவ்வொன்று எளிது என்று வல்லோர் தருக்கை அடக்குகிறது. அக்பரின் அவையில் இருந்த அபுல் பசலும், அயினி அக்பரி என்னும் தம் நூலில், இக்குருவியின் கூட்டோடு கைவினைஞர் போட்டியிட இயலாது என்ற கருத்தையே எழுதினார். பழக்கினால் காசைக் கவ்விவந்து தரும் என்றும் அவர் குறித்திருக்கிறார். வட இந்தியத் தெருக்களில் இவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டிய வழக்கம் நெடுநாள் இருந்தது.

மின்மினிக் கதையையும் விட்டுவிடலாகாது. கூட்டினுள் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்பது நாடெங்கும் வழங்கும் நம்பிக்கை. களிமண் உண்மை. கூடு பாதி நிலையில் இருக்கும்போதே சேவல் மண்ணையும் சாணத்தையும் கொணர்ந்து உட்சுவரில் அப்புகிறது. காற்றில் கூடு அலையாதிருக்கப் பாரமாக உதவும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. விளக்கு மட்டும் கற்பனை. மண்ணைக் கண்ட கண்ணுக்கு நன்றி சொல்லி, மின்மினியைப் பாட்டிகளின் கதைக்கே விட்டுவிடலாம்.

மீண்டும் ஒரகடத்திற்கு வருவோம். இப்பறவை உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ளதன்று. அதனை மிகைப்படுத்திச் சொல்வது முறையாகாது. இதன் உறவினமான பெரிய அலகுத் தூக்கணம், இமயமலை அடிவாரப் புல்வெளிகளில் மிகச் சிலவாகக் குறைந்து அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருப்பது வேறு செய்தி. ஆனால் உலகில் ஒரு பறவை இருப்பதும், ஓர் ஊரில் அது இருப்பதும் ஒன்றல்ல. தூக்கணாங்குருவிக்கு ஓர் ஊரில் வேண்டுவன நான்கு: தொங்குவதற்கு உயர்ந்த மரம், கிழிப்பதற்கு நீண்ட தாள், அப்புவதற்கு ஈரமண், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி. வளர்ந்தபின் தானியம் தின்பதாயினும், குஞ்சுப் பருவத்தில் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளே உணவு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில் இந்நான்கும் நூறு அடிக்குள் இருந்தன. வயல் தொழில்மனையாகி, சாலை அகன்று, கரைப்பனை வீழ்ந்தால், நான்கும் ஒரே நாளில் போகின்றன. ஆலைகளைச் சுற்றி மரம் நடுகிறார்கள்; புல்வெளி அமைக்கிறார்கள்; அது நல்லதே. ஆயின் வாரந்தோறும் வெட்டப்படும் புல்லில் ஒரு சாண் நார் கூடக் கிழிக்க இயலாது. ஏரியோரத்து நாணலையும் கோரையையும் குப்பை என்று வழித்தெடுப்பதும் இத்தகையதே.

தொழில் வேண்டா என்பது இதன் பொருளன்று. இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் உலை அந்த ஆலைகளால் கொதிக்கிறது. பறவைக்கும் ஓரளவு இணங்கிப்போகும் இயல்பு உண்டு. பனை இல்லாத இடத்தில் முள்மரத்திலும் கிணற்றின்மேல் சாய்ந்த கிளையிலும் கட்டும். தொலைபேசிக் கம்பியிலும் மின்கம்பியிலும் வரிசையாகக் கட்டிய காட்சிகள் பதிவாகியுள்ளன. பர்மாவில் வீட்டுக் கூரையின் இறவாரத்திலேயே தொங்கவிட்டதைச் சென்ற நூற்றாண்டிற்கு முற்பட்ட பறவையியலார் எழுதியுள்ளனர். எனவே முற்றிலும் இழந்துவிடவில்லை. எஞ்சிய ஏரிகளின் நாணலும், கரையில் தப்பி நிற்கும் பனைகளும் காக்கப்படுமா என்பதே கேள்வி.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு செய்தி. பள்ளிக் கண்காட்சிக்கும் வீட்டு அழகுக்குமாகக் கூடுகளைப் பறித்து வருவது பரவலான வழக்கம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. பழங்கூடுதானே என்றும் எண்ணவேண்டா. தூக்கணம் விட்டுச்சென்ற கூட்டில் சில்லைகள் குடியேறும். மரத்தில் வாழும் சிற்றெலியும் தங்கும். குறுந்தொகைப் பாட்டை நடத்தும் நாளில் கூட்டை வகுப்பறைக்குக் கொணர்வதினும், மாணவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வது எளிது. மழை தொடங்கிய பின் ஒரு காலைப்பொழுது போதும். தொலைவில் நின்று பார்த்தாலே, வார் தெரியும் அரைக்கூடு எது, குழாய் நீண்ட முழுக்கூடு எது என்று பிள்ளைகள் தாமே பிரித்தறிவர்; அரைக்கூட்டில் சிறகடிப்பது மஞ்சள் தலைச் சேவல் என்பதையும் காண்பர்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் தமிழக அரசு முதன்முறையாகத் தனியே அளித்த வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்றும், பனை விதைகள் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஏரிக்கரைகளில் விதை ஊன்றும் பணியில் இளைஞர் பலர் ஆர்வத்துடன் ஈடுபட்டும் வருகின்றனர். ஊன்றிய விதை முளைத்து, வடலியாகி, பாளை விடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அது ஆண்பனையா பெண்பனையா என்பதும் அப்போதுதான் தெரியும். பாம்பு எட்டாத உயரத்திற்கு அது வளர மேலும் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை ஒரகடத்துத் தூக்கணங்குருவிகளுக்கு, முப்பாட்டன்மார் ஊன்றிய பனைகளுள் இன்னும் வெட்டப்படாது நிற்பவையே புகல்.